செடம் சாய்கிறதா, அழுகுகிறதா? உபசரிப்பைக் குறையுங்கள்

கேள்வி: நல்ல வெயில் விழும் பாத்தி ஒன்றில் இரண்டு வகை செடம் (Sedum, தடித்த இலையில் தண்ணீர் சேர்த்துவைக்கும் அலங்காரச் செடி) வைத்திருக்கிறேன். தொழுவுரம் தாராளமாகக் கலந்து நட்டு, தினமும் தண்ணீர் விடுகிறேன். உயரமான வகை பூக்கும் சமயத்தில் நடுவில் பிளந்து நாலா பக்கமும் சாய்ந்துவிட்டது. தரையோடு படரும் வகை அடித்தண்டு கறுத்து அழுகுகிறது. இன்னும் என்ன உரம் போட வேண்டும்? கூடவே எந்தச் செடிகளை வைத்தால் பாத்தி அழகாக இருக்கும்?

பதில்: உரம் எதுவும் போட வேண்டாம். இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்: உரமும் தண்ணீரும் அளவு மீறிப் போய்விட்டன.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அதே துளை வழியாகத் தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும். செடம் வேறு மாதிரி. தண்ணீர் தட்டுப்பட்டால் பல செடம் வகைகள் பகலில் துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து, எடுத்த வாயுவை அமிலமாக இலைக்குள் சேர்த்துவைக்கும். விடிந்த பிறகு துளையைத் திறக்காமலே அதைக்கொண்டு உணவு தயாரிக்கும். தடித்த இலையே தண்ணீர்த் தொட்டி. பாறை இடுக்கிலும் சரளை மேட்டிலும் பிழைக்கப் பழகிய செடியின் வேர் எப்போதும் ஈரத்தில் கிடந்தால் அதற்குக் காற்று கிடைக்காது. அப்புறம் அழுகல்தான்.

இதற்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலைக் கூரையில் சுமார் 10 ஏக்கர் பரப்புக்குச் செடம் வளர்த்திருக்கிறார்கள். 2003 வாக்கில் அமைத்தது. கீழே இருப்பது சில அங்குலக் கனத்தில் மண்ணுக்குப் பதிலான எடை குறைந்த வளர்ப்புக் கலவை மட்டுமே. (படித்துவிட்டு வீட்டுக் கூரையில் ஆரம்பித்துவிடாதீர்கள், எடை தாங்குமா, நீர் கசியுமா என்று பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.)

முதலில் உயரமானது. பூ வெளிறிய இளஞ்சிவப்பில் தொடங்கிச் செங்கல் நிறத்துக்குப் போய்க் கடைசியில் பழுப்பாகிறதென்றால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 'ஆட்டம் ஜாய்' (Autumn Joy) என்ற வகையாக இருக்கும். ஜெர்மனியில் கியோர்க் அரெண்ட்ஸின் நாற்றுப்பண்ணையில் உருவான கலப்பினம் அது. அங்கே 'ஹெர்ப்ஸ்ட்ஃபிராய்டே' என்பார்கள். இந்த உயர வகைகளைத் தாவரவியலாளர்கள் இப்போது ஹைலோடெலிஃபியம் என்ற தனிப் பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். விதை விற்பவர்கள் இன்னும் செடம் என்றே எழுதுவதால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

தழைச்சத்து மிகுந்தால் தண்டு வேகமாக, மென்மையாக வளரும். உச்சியில் பூங்கொத்தின் பாரம் ஏறியதும் தாங்காமல் குத்து (ஒரே அடியிலிருந்து வளர்ந்த தண்டுக் கூட்டம்) நடுவில் பிளக்கும். நிழலிலும் இதேதான் நடக்கும். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். குத்துக்கு வயதானாலும் பிளக்கும். 3, 4 வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில் தரையோடு மொட்டுகள் எட்டிப் பார்க்கும்போது தோண்டியெடுத்துப் பிரித்து, ஓரத்து இளம் துண்டுகளை மட்டும் திரும்ப நடுங்கள். கட்டையாகிப்போன நடுப்பகுதியைக் குப்பைக்குழிக்கு அனுப்பலாம்.

இவற்றையெல்லாம்விடச் சுலபமான வைத்தியம் ஒன்று இருக்கிறது. பூமொட்டு வருவதற்கு வெகு முன்பே, தண்டுகள் முழங்காலுக்குப் பாதி உயரம் வந்ததும், ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வெட்டிவிடுங்கள். இங்கிலாந்தில் இதைச் 'செல்சி வெட்டு' என்பார்கள். மே மாதக் கடைசியில் செல்சி மலர்க்கண்காட்சி நடக்கும் சமயத்தில் செய்வது வழக்கம். வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கக்கிளைகள் வரும், செடி குட்டையாக அடர்ந்து நிற்கும், பூங்கொத்து சிறியதாக ஆனால் நிறைய வரும். பூக்க இரண்டு மூன்று வாரம் தாமதமாகலாம். நான் முன்பக்கத் தண்டுகளை மட்டும் வெட்டச் சொல்வேன். பின்பக்கம் முதலில் பூக்கும், முன்பக்கம் பிறகு தொடரும், பூக்காலமும் நீளும். வெட்டிய நுனிகளை எறியாதீர்கள், நட்டால் வேர்விடும்.

இனி படரும் வகை. கறுத்த பகுதி திரும்ப உயிர் பெறாது. அதற்கு மேலே கெட்டியாக, நிறம் மாறாமல் இருக்கும் தண்டுகளை வெட்டியெடுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வெட்டுவாய் வறண்டதும் சரளை கலந்த மண்ணின்மேல் கிடத்தி லேசாக அழுத்தினால் போதும். உடனே தண்ணீர் ஊற்ற வேண்டாம், சில நாள் பொறுங்கள். இலை ஒன்றை உதிர்த்து வைத்தாலும் பல வகைகளில் புதுச்செடி வரும். ஆனால் இலையில் வெள்ளை, மஞ்சள் கோடு உள்ள வகைகளைத் தண்டிலிருந்தே பெருக்குங்கள். இலையிலிருந்து வருவது பெரும்பாலும் வெறும் பச்சையாகிவிடும்.

மண் விஷயத்தில் இரண்டு தப்பெண்ணங்கள் உண்டு. களிமண்ணில் பொடிமணலைக் கலந்தால் வடிகால் கிடைக்கும் என்பது ஒன்று. கிடைக்காது, இரண்டும் சேர்ந்து இன்னும் இறுகிப்போகும். பருமணலையும் பொடிச்சரளையையும் மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்தால்தான் பலன். கட்டிக் களிமண்ணாக இருந்தால் தோண்டிக் கலப்பதைவிட மேலே ஒரு சாண் மேடு போட்டு நடுவது நல்லது. இன்னொன்று, தொட்டியின் அடியில் கல் பரப்பினால் நீர் வேகமாக வடியும் என்பது. மண் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் நீர் தயங்கி நிற்கும், வேர் இருக்கும் மண்ணில் ஈரம்தான் கூடும். தொட்டி முழுக்க ஒரே கலவையாக இருக்கட்டும், ஓட்டை மட்டும் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடாக்குக்கு வைக்கோல், மரப்பட்டை வேண்டாம். தண்டைச் சுற்றிச் சரளை போடுங்கள்.

புதிதாக நட்டது வேர்பிடிக்கும் வரை தண்ணீர் தேவை. அதன்பின் இலை லேசாகச் சுருங்கித் தொய்யும் வரை காத்திருங்கள். தரையில் உள்ளதற்கு நீண்ட வறட்சியில்தான் ஊற்ற வேண்டியிருக்கும். தொட்டியில் உள்ளதற்கு மேல்மண் முழுதும் காய்ந்த பிறகு.

எல்லாப் படர்செடமும் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. குளிர் மண்டலத்தில் செடம் ஏக்கர் (நில அளவு அல்ல, செடியின் பெயர்), ஆல்பம், ஸ்பூரியம் ஆகிய வகைகள் பனியிலும் நிற்கும். ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் ஏக்கரும் ஸ்பூரியமும் கரைந்துபோகும். அங்கே மெக்சிகானம், லீனியாரே, சார்மென்டோசம் தாக்குப்பிடிக்கும். கயிறுபோல் தொங்கும் மார்கானியானத்துக்குப் பனி ஆகாது. தொட்டாலே இலை உதிரும். ஆள் நடமாட்டம் படாத உயரத்தில் தொங்கவிடுங்கள். சார்மென்டோசமும் ஏக்கரும் ஒடிந்த ஒவ்வொரு துண்டிலிருந்தும் முளைத்துப் பாத்தியைப் பிடித்துக்கொள்ளும். வெவ்வேறு படர்வகைகளை ஒரே இடத்தில் கலந்து கம்பளமாக்கும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓரிரு வருடத்தில் வலுவானது ஒன்றே மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் நடுவே கல் வைத்துப் பிரித்து நடுங்கள்.

பாத்தி அமைப்புக்கு வருவோம். உயரமான செடத்தை ஒற்றையாக நட்டால் எடுபடாது. மூன்று அல்லது ஐந்தாகச் சேர்த்து நடுவரிசையில் வையுங்கள். அதன் தட்டையான பூங்கொத்துக்குப் பக்கத்தில் நெட்டென்று நிற்பதோ காற்றில் அசைவதோ இருந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்: ஸ்டைப்பா, பென்னிசெட்டம் போன்ற அலங்காரப் புற்கள், எக்கினேசியா, சால்வியா போன்ற பூச்செடிகள். தேனீயும் பட்டாம்பூச்சியும் தேடி வருவதால் நடைபாதை ஓரத்தில் இருந்தால் பார்க்க வாகாக இருக்கும். கருஞ்சிவப்பு இலை வகைகளைக் கரிய மண்ணில் நட்டால் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. வெளிறிய சரளைமேல், அல்லது வெள்ளி நிற ஆர்ட்டிமிசியாவுக்கு முன்னால் வையுங்கள். ஹைட்ராஞ்சியா மாதிரி தண்ணீர்ப் பிரியர்களை மட்டும் சேர்க்காதீர்கள். ஒன்றுக்கு ஊற்றினால் இன்னொன்று போகும்.

முன்வரிசைக்கு எனக்குப் பிடித்தது 'ஏஞ்சலினா' என்ற படர்செடம். பொன்மஞ்சள் ஊசியிலை குளிரில் செம்மஞ்சளாகும். கல்லுக்குக் கல் இடைவெளியில் நடலாம், எப்போதாவது மிதிபட்டால் பரவாயில்லை, தினசரி நடக்கும் பாதையில் வேண்டாம். குளிர்ப் பிரதேசமானால் அதன் அடியில் குரோக்கஸ், சிறு டியூலிப் கிழங்குகளைப் புதைத்துவையுங்கள். அவையும் கோடையில் உலர்ந்த மண்ணையே விரும்புகிறவை, படர்செடத்தைத் துளைத்துக்கொண்டு பூக்கும்.

பூச்சித் தொல்லை குறைவுதான். மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் நீரைப் பீய்ச்சியோ சோப்புக் கரைசலாலோ போக்கலாம். நத்தை இளந்தளிரைத் தின்னும்.

இப்போது சாய்ந்து கிடக்கும் குத்தை வெட்டாதீர்கள், இந்த வருடப் பூ போய்விடும். நாலு குச்சி ஊன்றிச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். பூ காய்ந்த பிறகும் தண்டு விறைப்பாக நிற்கும், புதுத் துளிர் வரும்போது அடியோடு வெட்டினால் போதும். துளிர் வரும் அப்போதே குத்தைத் தோண்டிப் பிரித்து, தொழுவுரம் கலக்காத வேறு இடத்தில் நடுங்கள். பழைய இடத்தில் மண் வளமாகத்தானே இருக்கிறது, காய்கறி போடலாம்.