எதிரே வந்த செம்முடிக்காரி

வணக்கம் ஐயா,

அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு மூதாட்டி, மீனவர் வீட்டுப் பெண். தலை இப்போது முழுக்க நரைத்துவிட்டது. சிறு வயதில் நல்ல சிவப்பாம். விடியற்காலையில் ஆண்கள் படகுக்குப் போகும் நேரத்தில் அவரை வாசலுக்கே விடமாட்டார்களாம். செம்பட்டை முடிக்காரி எதிரே வந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லையாம். அத்தனை பேருக்குச் சிவப்பு முடி இருக்கிற நாட்டில் இப்படியொரு நம்பிக்கை எப்படி நிலைத்தது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வாசல். செம்முடிக்காரியைக் கண்டதும் மீனவன் பாதி வழியில் வீடு திரும்பியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவன் கண்ணில் படக்கூடாது என்று உள்ளே அடைக்கப்பட்ட சிறுமியைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என் பெரியம்மாவைக் கல்யாண வீடுகளில் பின்கட்டில் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அது புரிகிறது.

முதலில் ஒரு சொல் திருத்தம். நாம் செம்பட்டை என்பது பெரும்பாலும் வெயிலில் காய்ந்து, எண்ணெய் காணாமல், சில குழந்தைகளுக்குப் புரதச்சத்துக் குறைவால் வெளுத்துப்போன கருமுடி. அந்த அம்மாளுடையது பிறவி நிறம். செம்முடி என்றே சொல்வோம்.

வட ஐரோப்பியக் கடலோடிகளான வைகிங்குகள் சிவப்புத் தாடியோடு கொள்ளையிட வந்ததால் மிஞ்சிய பயம் இது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது போதவில்லை. வெறுப்பு அவர்களைவிடப் பழையது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் தோற்றத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் பழைய கிரேக்க நூலிலேயே செந்நிறத்தவர் நரியைப் போல வஞ்சகர் என்று இருக்கிறது. ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் முடி நிறத்தைப் பற்றி பைபிள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் இடைக்கால ஓவியர்கள் பலர் அவனுக்குச் செம்முடி வரைந்தார்கள். ஸ்பானிய மொழியில் செம்முடிக்கு ‘யூதாஸ் முடி’ என்றும் ஒரு பெயர் உண்டு. ‘புனிதர்களில் செம்முடிக்காரர் இல்லை’ என்பது ரஷ்யப் பழமொழி.

ஜெர்மானியப் பழமொழி ஒன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது: ‘செம்முடியும் ஆல்டர் கட்டையும் நல்ல நிலத்தில் விளைவதில்லை.’ ஆல்டர் சதுப்பில் வளரும் மரம். வெட்டும்போது உள்ளே வெளுப்பாக இருக்கும். சற்று நேரத்தில் வெட்டிய இடம் காயம்போலச் சிவந்துவிடும். அதை நேரில் பார்த்தவன் கட்டிய பழமொழி இது. மரத்தைப் பார்த்த அந்தக் கண் மனிதரைப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதில் பெண்களுக்கு இரட்டைப் பழி. மாதவிலக்கு நாட்களில் கருவுற்றால் பிள்ளை செம்முடியோடு பிறக்கும் என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். பிள்ளையின் தலையைப் பார்த்தே தாயின் ஒழுக்கத்தை அளந்தார்கள். எம்சி1ஆர் என்ற மரபணுவின் மாற்றம்தான் காரணம் என்பது 1995இல்தான் தெரியவந்தது. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் முடி சிவக்கும். ஒன்று மட்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் வேறு நிற முடியோடு அதைத் தலைமுறைகளுக்குக் கடத்துவார்கள். தாயைத் தூற்றிய தகப்பனும் சரிபாதி கொடுத்தவன்தான்.

இனி உங்கள் கேள்வி. ஊரில் ஒரு செம்முடிக்காரியும் இல்லையென்றால் இந்த நம்பிக்கை வெறும் பேச்சாக நின்றிருக்கும். எல்லோருக்கும் அதே முடி என்றால் ஒரு படகும் நகர்ந்திருக்காது. அங்கே ஏறத்தாழ பத்தில் ஒருவர். எப்போதாவது எதிரே வர, சகுனத்துக்கு இது சரியான அளவு. அந்த மீனவர்களுடைய கர்ராக், மரச்சட்டத்தின் மேல் தாரடித்த துணி போர்த்திய படகு. அட்லாண்டிக்கில் அதை இறக்குகிறவன் பயப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் திரும்பிப் போனவனுக்கு அன்று வலை நிறைந்திருக்குமா என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. மாலையில் காற்று கிளம்பினால் ‘நல்லவேளை’ என்பான். கடல் அமைதியாகவே கிடந்தால் அதை யாரும் கணக்கு வைப்பதில்லை. சகுனத்தை மீறிப் போன நூறு பேர் கரை சேர்ந்தாலும் பேச்சு எழாது. ஒருவன் வராவிட்டால் அந்தப் பெண்ணின் பெயர் ஊர் முழுக்க அடிபடும்.

அந்த அம்மாளிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். அவரை வாசலில் மறித்தது அப்பாவா, அம்மாவா? ஒருநாளாவது தப்பி ஓடிக் கரைக்குப் போயிருக்கிறாரா, அன்று படகுகள் என்னவாயின? சொன்னால் எழுதி அனுப்புங்கள்.