ரோடு போட்டவருக்கா, குழு நடத்துபவருக்கா?

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம், சின்ன ஊராட்சி. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது. போன முறை ஜெயித்தவரே மறுபடி நிற்கப்போகிறார். எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது அந்த ஐந்து வருடத்தில்தான், ஆனால் கமிஷன் அடித்துவிட்டார்கள் என்று ஊரே பேசுகிறது. வாய்க்கால் தூர் வாரவில்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்தது என்ற கோபமும் இருக்கிறது. எதிர்த்து நிற்பவர் மகளிர் குழு நடத்துகிற அம்மா. நல்லவர்தான், ஆனால் அனுபவம் இல்லை, பி.டி.ஓ. ஆபீஸில் யாரையும் தெரியாது, எந்தக் கட்சி ஆதரவும் கிடையாது. யாருக்குப் போடுவது? யார் வந்தாலும் ஒன்றுதான், பேசாமல் அதிகாரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் தோன்றுகிறது.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் முதல் இரண்டு பக்கம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஏனென்றால் பெண்களுக்கு ஒதுக்கிய பதவி என்று ஆரம்பித்துவிட்டு, "தலைவர்" புல்லட்டில் வந்து இறங்கினார், "தலைவர்" டீக்கடையில் வைத்தே கான்ட்ராக்டரிடம் பேசி முடித்தார் என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். மூன்றாம் பக்கத்தில்தான் அது தலைவரின் கணவர் என்று தெரிகிறது. ஜெயித்த அம்மாவைப் பற்றிக் கடிதம் முழுக்கத் தேடினால் ஒரே ஒரு வரி: சுதந்திர தினத்தன்று கொடியேற்றினார். அப்படியென்றால் போன முறையும் நீங்கள் ஓட்டுப் போட்டது சீட்டில் பெயர் இல்லாத ஒரு ஆளுக்கு. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தப் பாதியை இப்படி வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி உங்களுக்கு ஒரு உறுத்தலும் இல்லை, சிமெண்ட் ரோடு வந்ததா இல்லையா என்பதுதான் உங்கள் கணக்கு.

இருந்தாலும் அந்தக் கணவன் மனைவிக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா, திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்பதெல்லாம் ஊராட்சித் தலைவர் கையில் இல்லை. ஆற்றையும் வாய்க்காலையும் தூர் வாருவது நீர்வளத் துறை வேலை, கடைசிச் சின்ன வாய்க்கால்களில் வேளாண் பொறியியல் துறையும் வரும். நெல் நனைந்த கொள்முதல் நிலையம் நுகர்பொருள் வாணிபக் கழகத்துடையது. தார்ப்பாய் இல்லை, சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்ற கோபத்தை எல்லாம் கொண்டுபோய் ஊராட்சிச் சீட்டில் குத்தினால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. தலைவர் மனு கொடுக்கலாம், மறியலில் உட்காரலாம். அதை நீங்களும் செய்யலாம். ஊர்க் குளத்தையும் அதன் வரத்து வாய்க்காலையும் நூறு நாள் வேலையில் வெட்டினார்களா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஊராட்சி கையில் இருப்பது வேறு: தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி, அதைத் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர், சாக்கடை, குப்பை, குளம், மயானப் பாதை. உங்கள் தெருவுக்கு ரோடு வந்துவிட்டது, சந்தோஷம். காலனித் தெருவுக்கு வந்ததா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு சாவு விழுந்தால் பாடையைத் தூக்கிக்கொண்டு நட்ட வயலுக்குள் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய மயானத்துக்குப் போகிற தெருக்கள் நம் டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. கிராம நிர்வாகம் எப்படி நடந்தது என்று பார்க்க எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல இடம் கிடையாது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இத்தனை பக்கம் எழுதியவர் அந்தத் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அப்புறம் கமிஷன். ஊரே பேசுகிறது என்கிறீர்கள். ஊர் எங்கே பேசியது? டீக்கடையிலும் குளத்தங்கரையிலும். கிராம சபை என்று ஒன்று இருக்கிறதே, 2022-லிருந்து வருடத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைச் சபையில் வைத்து வாசிக்க வேண்டும். ஐந்நூறுக்கு மேல் 3000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வந்திருந்தால்தான் கூட்டமே செல்லும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "கையெழுத்து நோட்டு வீட்டுக்கே வந்துவிடும், போட்டுக் கொடுத்துவிடுவோம்" என்று. வராத கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் நீங்கள், அந்தக் கூட்டத்தில் நிறைவேறியதாக எழுதிய தீர்மானத்தில்தான் ரோடும் வந்தது, நீங்கள் சொல்கிற கமிஷனும் அதே வழியில் வந்திருந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ரோட்டுக்கு எவ்வளவு செலவு என்று தெரிய வேண்டுமா, பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இ-கிராம் ஸ்வராஜ் தளத்திலும் ஊராட்சி வாரியாகச் செலவு இருக்கிறது, வீட்டில் போன் நோண்டும் பிள்ளையிடம் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடும். நிரூபணம் கைக்கு வரும்வரை கமிஷன் வெறும் பேச்சுதான், அதை வைத்து நான் யாரையும் திருடன் என்று எழுத மாட்டேன்.

மேடைக்கு மேடை குடவோலை என்று மார்தட்டுகிறோம் இல்லையா, தஞ்சையிலிருந்து ஆண்ட முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் உத்திரமேரூரில் வெட்டி வைத்த விதிகள் அவை. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவுக்காரர்களும் அடுத்த முறை குடத்தில் ஓலை போடவே தகுதியில்லை என்று அதில் இருக்கிறது. இந்த வரியை மட்டும் எந்தப் பேச்சாளரும் சொல்ல மாட்டார். (நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சபையில் இடம் கிடையாது, அதையும் அவர்கள் சொல்வதில்லை.)

குழு நடத்துகிற அம்மாவுக்கு அனுபவம் இல்லை என்று எழுதியபோது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா? வாராவாரம் சேமிப்பு வசூல், தீர்மான நோட்டு, வங்கிக் கடன், ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் வாயில் விழுந்து எழுந்து அதைச் சமாளிப்பது என்று வருடக்கணக்கில் செய்கிறவர் அவர். ஊராட்சி வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதி பி.டி.ஓ. ஆபீஸில் நடையாக நடப்பது, அதை யாரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை, ஆறு மாதத்தில் பழகிவிடும்.

கட்சி இல்லாவிட்டால் நிதி வராது என்பதில் பாதிதான் உண்மை. ஊராட்சித் தலைவர் தேர்தலே கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. மத்திய, மாநில நிதிக்குழு மானியங்கள் மக்கள்தொகையை முக்கியமாக வைத்துக் கணக்குப் போட்டு ஊராட்சிக்கு வருபவை, அவை யார் தலைவர் என்று பார்ப்பதில்லை. எம்.எல்.ஏ. நிதி, ஒன்றியத்திலிருந்து வரும் கூடுதல் வேலை இவற்றில் செல்வாக்கு பேசும், இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். அந்த அளவுக்கு உங்களுக்கு நஷ்டம் வரலாம், தெரிந்தே போடுங்கள்.

என் ஓட்டு உங்கள் ஊரில் இருந்தால் குழு அம்மாவுக்குத்தான். ஆனால் கும்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வரும்போது கேட்டுவிடுவேன்: அம்மா, ஜெயித்தால் ஆபீஸ் நாற்காலியில் நீங்கள் உட்காருவீர்களா, உங்கள் மகனா? பழைய தலைவர் அம்மா புல்லட்காரர் இல்லாமல் தனியாக வந்து, ஐந்து வருடக் கணக்கை எடுத்து வைத்து, காலனி மயானப் பாதைக்கு ஏன் பணம் ஒதுக்கவில்லை என்பதற்குத் தன் வாயால் பதில் சொன்னால், நான் மறுபடி யோசிப்பேன். பதில் சொல்கிற தலைவரைக் காரணமில்லாமல் மாற்றுவதும் முட்டாள்தனம்தான். இருவரில் யார் கவர் கொடுத்தாலும் அந்த ஆள் உங்கள் கேள்விக்கு இப்போதே விலை போட்டு முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்கு: பார்த்துக்கொண்டார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை தனி அலுவலர்தான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது உங்கள் ஊராட்சிக்குத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. கரண்ட் இல்லாமல், மோட்டார் ஓடாமல், தொட்டி காய்ந்து கிடந்த அந்த நாட்களில் தண்ணீருக்கு யார் சட்டையைப் பிடித்தீர்கள்?

இன்னொன்று. கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டைப் பற்றி மட்டும் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். ஊராட்சிப் பணம் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் இருந்தால்தான் நகரும், அந்தத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். தலைவர் யாராக வந்தாலும், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாத நாலு பேர் வார்டில் ஜெயித்து வந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும். உங்கள் வார்டுக்கு யார் யார் நிற்கிறார்கள் என்று கடிதத்தில் எங்குமே இல்லை. விசாரித்து எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.