முதுகுவலிக்காக நகையை விற்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 43. மூன்று வருடங்களுக்கு முன் வார்ப்படத்தைத் தூக்கும்போது முதுகில் அடிபட்டது. அப்போது சம்பளம் 18,000 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) மருத்துவக் குழு, சம்பாதிக்கும் திறனில் 20% இழப்பு என்று முடிவு செய்தது. வலி குறையவில்லை, குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியவில்லை. மாத்திரை, மசாஜ், ஆட்டோ என்று மாதம் 4,500 ரூபாய் போகிறது. தனியார் மருத்துவமனை ஒன்றில் 3 லட்சம் கட்டினால் முழுதாகக் குணமாகும் என்கிறார்கள். மனைவியின் நகையை விற்கலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், அவசரப்படாதீர்கள். மூன்று வருட வலியை ஒரே தவணையில் தீர்ப்பதாக உறுதி சொல்பவரிடம் நகையைக் கொடுக்கக் கூடாது. உங்களிடம் உள்ள ஸ்கேன் படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவை, அங்கே வசதி இல்லை என்றால், இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்கு அவர்களே அனுப்புவார்கள். உங்கள் கைக்காசு போகாது. மாத்திரையையும் அங்கேயே வாங்கினால் அந்த 4,500 பெருமளவு குறையும்.

அடுத்து, காயத்தால் ஏற்பட்ட இழப்புக்காக இ.எஸ்.ஐ. தரும் நிரந்தர ஊன உதவித்தொகை. அடிபட்டபோது வாங்கிய 18,000-ஐ 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய். அதில் 90% என்றால் 540. உங்களுக்குச் சொன்ன இழப்பு 20% என்பதால், அதில் 20%, அதாவது நாளுக்கு 108. மாதத்துக்குச் சுமார் 3,240 ரூபாய், ஆயுள் முழுவதும். இது சம்பளத்தோடு சேர்ந்து மளிகைக் கடைக்குப் போய்விடுகிறது என்றே நினைக்கிறேன். பாஸ்புக்கைப் பாருங்கள். இந்தத் தொகை தனிக் கணக்கில் விழட்டும். பிசியோதெரபிக்குப் போய்வர, இடுப்புப் பட்டை வாங்க, சம்பளம் குறைந்த மாதத்தைச் சமாளிக்க மட்டும் அதைத் தொடுங்கள். வலி கூடி வேலைக்குப் போக முடியாத நாள்களில் வீட்டில் சும்மா படுத்துவிடாதீர்கள். இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்குங்கள். இ.எஸ்.ஐ. சந்தா கட்டிய நாள்கள் போதுமானதாக இருந்தால், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை சம்பளத்தில் 70% கிடைக்கும். ஊன உதவித்தொகையும் நிற்காது.

எதிர்பாராத அளவுக்கு நிலைமை மோசமாகியிருந்தால் 20% என்ற கணக்கை மறுபரிசீலனை செய்யக் கேட்கவும் வழி உண்டு. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

ஒருவேளை வேலையை விட நேர்ந்தால், சொந்தக் காரணம் என்று எழுதி ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. காயத்தால் ஏற்பட்ட ஊனத்தால்தான் வேலை போகிறது என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, ஓய்வு பெறும் வயது வரை உங்களுக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும்.