பவ் வவ் வவ்: மூன்றாண்டுக் குழுவைப் பற்றிச் சில கேள்விகள்

சென்ற முறை ஆடம் அண்ட் தி ஆண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றி எழுதும்போது, அதிலிருந்து பிரிந்து போன மூன்று பேர் பவ் வவ் வவ் என்ற வேறொரு குழுவில் சேர்ந்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அந்த மூவர் யார்? ஏன் பிரிந்தார்கள்?

கிதார் வாசித்த மேத்யூ ஆஷ்மன், பேஸ் வாசித்த லீ கோர்மன், ட்ரம்ஸ் வாசித்த டேவ் பார்பரோசா ஆகிய மூவர். அவர்களாகப் பிரியவில்லை, பிரிக்கப்பட்டார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் மேலாளராக இருந்து பெயரும் வசையும் ஒருசேரச் சம்பாதித்த மால்கம் மெக்லாரனிடம், தன் குழுவுக்கு ஒரு புதிய பாதை காட்டும்படி கேட்டு, ஆண்ட்ஸ் குழுவின் பாடகர் ஆடம் ஆண்ட் 1000 பவுண்டு கொடுத்தார். மெக்லாரன் யோசனைகளைச் சொன்னார். சொன்ன கையோடு, 1980 ஜனவரியில், வாத்தியக்காரர்கள் மூவரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆலோசனை கேட்டு வந்தவனின் வீட்டையே காலி செய்து அனுப்பிய கதை இது. ஆனால் ஆடம் ஆண்ட், மார்கோ பிரோனி என்ற கிதார் கலைஞரோடு கைகோத்து, இரண்டு ட்ரம்மர்களைச் சேர்த்துக்கொண்டு, மெக்லாரன் சொன்ன அதே யோசனைகளை வைத்தே 1981இல் பிரிட்டனின் மிகப் பெரிய நட்சத்திரமானார். பிரிந்த மூவருக்கு அந்த அளவு வெற்றி ஒருபோதும் கிட்டவில்லை.

மூவருக்கும் பாட ஒரு குரல் வேண்டியிருந்தது. வடமேற்கு லண்டனில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்துகொண்டே வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்த 13 வயதுச் சிறுமி அப்போதுதான் அகப்பட்டாள். ரங்கூனில் பிறந்த, பர்மியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் மகளான அவள்தான் அனபெல்லா லுவின்.

கேள்வி: பெயருக்கு ஏதாவது பொருள் உண்டா?

நாய் குரைக்கும் ஒலிதான். நாம் 'வள் வள்' என்கிறோம், ஆங்கிலேயர் 'பவ் வவ்' என்கிறார்கள். அவர்களை முதலில் ஒப்பந்தம் செய்த இஎம்ஐ, பிறகு எடுத்துக்கொண்ட ஆர்சிஏ ஆகிய இரண்டு இசைத்தட்டு நிறுவனங்களுமே, கிராமபோன் குழாய் முன் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாயைச் சின்னமாகப் பயன்படுத்தியவை. 'நாய் மார்க்' இசைத்தட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் சிரிப்பை வரவழைக்கும்.

கேள்வி: உலகின் முதல் கேசட் சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு) இவர்களுடையது என்கிறார்களே, உண்மையா? கேசட்டில் ஒரு பாட்டு வெளியிட்டதில் என்ன பெரிய புரட்சி?

'சி-30 சி-60 சி-90 கோ' என்ற அந்தப் பாட்டு 1980 ஜூலையில் வெளிவந்தது. கேசட் வடிவில் வந்த முதல் சிங்கிள் என்று பொதுவாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். தலைப்பிலுள்ள எண்கள் வெற்று கேசட்டுகளின் நேரம்: 30, 60, 90 நிமிடம். பாடல் பட்டியல் எழுதிக் கொடுத்து 60இலும் 90இலும் பதிவு செய்து வாங்கிய நம்மூர்த் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புரட்சி வடிவத்தில் இல்லை, பாட்டின் பேச்சில் இருந்தது. வானொலியில் வரும் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்துகொண்டால் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டாமே என்று ஒரு பெண் குதூகலிக்கிறாள். கேசட்டின் மறுபக்கம், நீங்களே எதையாவது பதிவு செய்துகொள்ளலாம் என்பதுபோல் வெறுமையாக விடப்பட்டிருந்தது. வீட்டுப் பதிவு தங்கள் தொழிலை அழிக்கிறது என்று பிரிட்டிஷ் இசைத்தட்டுத் துறை புலம்பத் தொடங்கியிருந்த சமயத்தில், அந்தத் துறையின் பெரிய நிறுவனம் ஒன்றின் பணத்திலேயே அந்தப் பாட்டு வெளிவந்தது. பாட்டு பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் 34ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் 'யுவர் கேசட் பெட்' என்ற எட்டுப் பாடல் தொகுப்பையும் கேசட்டில் மட்டுமே வெளியிட்டார்கள். எட்டுப் பாட்டு இருந்தும் அது சிங்கிள்களின் வரிசையில்தான் சேர்க்கப்பட்டது. 58ஆம் இடம் கிடைத்தது. 1981இல் இன்னொரு சிங்கிளுக்குப் பிறகு இஎம்ஐ அவர்களைக் கைவிட்டது.

ஆங்கிலத்தில் கடற்கொள்ளைக்கும் அனுமதியின்றி நகலெடுப்பதற்கும் 'பைரசி' என்ற ஒரே சொல்தான். அந்த இரட்டைப் பொருளை மெக்லாரன் விடாமல் பிடித்துக்கொண்டார். பாட்டில் ஒரு கொள்ளை, உடையில் இன்னொரு கொள்ளை. உடையைப் பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறேன்.

கேள்வி: நான் மிருதங்கம் கற்பவன். இவர்களுடைய பாடல்களில் தாளம்தான் முன்னே நிற்கிறது, மற்றதெல்லாம் அதன் பின்னால் ஓடுகிறது. என் காதில் விழுவது சரிதானா?

மிகச் சரி. வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சாதாரண ராக் பாட்டில் ட்ரம்மரின் வலக்கை ஹை-ஹாட் என்ற தகட்டில் நேரத்தைக் காக்கும். இரண்டாவது, நான்காவது அடிகளில் ஸ்னேர் மேளம் 'பட்' என்று விழும். பார்பரோசா அந்த ஏற்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, டாம் எனப்படும் ஆழ்ந்த ஒலியுள்ள மேளங்களில் இடைவிடாமல் உருட்டுகிறார். தகட்டின் சலசலப்பு குறைந்து தோலின் அதிர்வு கூடுவதால், உங்களைப் போலத் தோல்வாத்தியம் பழகியவரின் காது உடனே அங்கே போகிறது. அவருக்கு மேல் கோர்மனின் பேஸ், நரம்பைக் கட்டைவிரலால் அடித்தும் விரலால் இழுத்துத் தெறிக்கவிட்டும், தானும் ஒரு மேளம்போல வேலை செய்கிறது. தாங்கிப் பிடிக்கும் பொறுப்பை இருவரும் விட்டுவிட்டதால் ஆஷ்மனின் கிதார் தனியாகக் காற்றில் மிதக்கிறது. பழைய கௌபாய்ப் படங்களின் பின்னணி இசைபோல, நீண்ட அதிர்வோடு ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வரும்.

'ஐ வான்ட் கேண்டி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை, அமெரிக்கக் கலைஞர் போ டிட்லியின் பெயரால் அழைக்கப்படும் தாளம். அதைப் பதினாறு அட்சரமாகப் பிரித்தால் அழுத்தம் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் விழும். நம் சொற்கட்டில் சொன்னால் 'தகிட தகிட தகதிமி தக தகதிமி'. 3, 3, 4, 2, 4. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டியபடி நான்கு சுற்று சொல்லிப் பாருங்கள், பாட்டு தானாக வந்து உட்காரும். பிறகு இடையிலுள்ள வெற்று அட்சரங்களைச் சன்னமாக நிரப்பிக்கொண்டே போனால், பார்பரோசா செய்வதன் சாரம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: இந்தத் தாளம் ஆப்பிரிக்காவிலிருந்து திருடியது என்று படித்தேன். தங்கள் கருத்து?

போ டிட்லி தாளம் வேறு. நீங்கள் குறிப்பிடுவது குழுவின் தொடக்கப் பாடல்களில் கேட்கும் புருண்டித் தாளமாக இருக்கும். 1967இல் புருண்டி நாட்டில் பிரெஞ்சுக்காரர்கள் அந்நாட்டு மேளக்காரர்களின் வாசிப்பைப் பதிவு செய்தார்கள். மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய, ஆள் இடுப்பளவு உயரமுள்ள மேளங்கள் அவை. நடுவே ஒரு தலைமை மேளம், அதன் பெயர் இன்கிரன்யா. சுற்றி அரைவட்டமாக நிற்கும் மேளங்களில் ஒரு சாரார் மாறாத அடியைத் தொடர, மற்றொரு சாரார் தலைமை மேளத்தைப் பின்பற்றுவார்கள். அந்தப் பதிவின் மேல் பாரிஸ் இசைக்கலைஞர் ஒருவர் பியானோவும் கிதாரும் சேர்த்து 'புருண்டி பிளாக்' என்று 1971இல் வெளியிட்டார். அது பிரிட்டனிலும் விற்றது. மெக்லாரன் ஆடம் ஆண்டிடம் கொடுத்த யோசனைகளில் இந்தத் தாளமும் ஒன்று. ஆகவே 1980இல் இரண்டு குழுக்கள் ஒரே தாளத்தோடு போட்டிக்கு வந்தன.

பார்பரோசா அந்தப் பதிவை வெட்டி ஒட்டவில்லை; கேட்டு, உள்வாங்கி, தன் கையால் வேறொன்றாக வாசித்தார். கலைஞர்கள் காலங்காலமாகச் செய்துவருவது அது. என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 'புருண்டி பிளாக்' இசைத்தட்டில் அந்த மேளக்காரர்களின் பெயர் தேடினாலும் கிடைக்காது. அவர்களுடைய வாசிப்பு ஏதோ காட்டில் விளைந்த பொருள்போல எடுத்துக்கொள்ளப்பட்டது. அரசவையில் வாசிக்கப்பட்டுவந்த அந்தக் கலையை யுனெஸ்கோ 2014இல்தான் தன் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: உடைகளை வடிவமைத்தவர் யார்?

விவியன் வெஸ்ட்வுட். மெக்லாரனும் அவரும் லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் ஒரு கடை வைத்திருந்தார்கள். பங்க் உடைகள் பிறந்த அதே கடையை 1980இல் 'வேர்ல்ட்ஸ் எண்ட்' என்று பெயர் மாற்றிக் கடற்கொள்ளையர் கப்பல்போல ஆக்கினார்கள். தளம் சாய்ந்திருக்கும், வாசலில் பதின்மூன்று மணி காட்டும் கடிகாரம் பின்னோக்கிச் சுற்றும். தொளதொளத்த சட்டை, இடுப்பில் சுற்றிய துணி, பல பட்டைகள் வைத்த பூட்ஸ், இருமுனைத் தொப்பி ஆகியவற்றோடு 1981 மார்ச்சில் ஒலிம்பியா அரங்கில் 'பைரேட்' தொகுப்பு அரங்கேறியது. அந்த உடைகளின் நடமாடும் காட்சிப் பொம்மைகளாக முதலில் வெளியே வந்தவர்கள் இந்தக் குழுவினர்தான். பக்கங்களை மழித்து நடுவில் மட்டும் நிறுத்திய அனபெல்லாவின் மோஹாக் முடியும் சேர, பாட்டு ஒன்றையும் கேட்டிராதவர்கள்கூட அவர்களைப் படத்தில் பார்த்தே அடையாளம் சொன்னார்கள். உடை அழகானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடைக்காகக் குழுவா, குழுவுக்காகக் கடையா என்று கேட்டால், கடைக்காகத்தான் குழு என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பாடகியின் வயது பற்றி ஒரு வழக்கு எழுந்ததாகக் கேள்விப்பட்டேன்.

விசாரணை எழுந்தது. 1981இல் வெளிவந்த முதல் முழு ஆல்பத்தின் உறைக்காக, பிரெஞ்சு ஓவியர் மானேயின் புகழ்பெற்ற புல்வெளி விருந்து ஓவியத்தைப் பின்பற்றி, 14 வயதுச் சிறுமியை எடுக்கவே கூடாத விதத்தில் படம் எடுத்தார்கள். அவளுடைய தாய் காவல்துறைக்குப் போனார், ஸ்காட்லாந்து யார்டு விசாரித்தது, உறை கைவிடப்பட்டது. இதைக் கலைத்துணிச்சல் என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. துணிச்சல் மேலாளருடையதாகவும் விலை சிறுமியுடையதாகவும் இருந்தது. அந்தத் தாய் செய்ததுதான் சரி.

கேள்வி: பாய் ஜார்ஜ் இந்தக் குழுவில் பாடினாரா?

1981இன் தொடக்கத்தில், 'லெப்டினன்ட் லஷ்' என்ற பெயரில் சில நாள் மட்டும் மேடையேறினார். அனபெல்லாவை மிரட்டி வைக்க மெக்லாரன் செய்த ஏற்பாடு அது என்பார்கள். அங்கிருந்து விலக்கப்பட்ட ஜார்ஜ் கல்ச்சர் கிளப் குழுவைத் தொடங்கி, 1982 அக்டோபரில் பிரிட்டனின் முதலிடத்தில் இருந்தார்.

கேள்வி: 'ஐ வான்ட் கேண்டி' அவர்களுடைய சொந்தப் பாட்டா?

இல்லை. 1965இல் ஸ்ட்ரேஞ்ச்லவ்ஸ் என்ற குழு பாடியது. அவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த மூன்று பாட்டுத் தயாரிப்பாளர்கள். ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்க்கும் சகோதரர்கள் என்று புளுகிக்கொண்டு மேடையேறினார்கள். ஆக வேடம் போடும் வழக்கம் அந்தப் பாட்டோடு பிறந்ததே. பவ் வவ் வவ் பதிப்பு 1982இல் பிரிட்டனில் 9ஆம் இடம் பிடித்தது. அமெரிக்காவில் 62ஆம் இடத்தைத் தாண்டவில்லை என்றாலும், எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியதால் அங்கேதான் அதிகம் நினைவில் நின்றது. அவர்களுடைய சொந்தப் பாடல்களில் மேலே போனது, அதே ஆண்டு 7ஆம் இடம் வரை எட்டிய 'கோ வைல்ட் இன் தி கன்ட்ரி'.

கேள்வி: கடைசியில் என்ன ஆனது? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1983இல் மைக் சாப்மன் தயாரிப்பில் இரண்டாவது ஆல்பம் வந்தது. ஒலி மெருகேறியது, மேளத்தின் முரட்டுத்தனம் குறைந்தது, விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. அதே ஆண்டு மற்ற மூவரும் அனபெல்லாவை விலக்கினார்கள், குழு முடிந்தது. அப்போது அவருக்கு 16 வயது. 1986இல் தனியாக 'ஃபீவர்' என்ற ஆல்பம் வெளியிட்டார். ஆஷ்மன், செக்ஸ் பிஸ்டல்ஸ் ட்ரம்மர் பால் குக்குடன் சேர்ந்து சீஃப்ஸ் ஆஃப் ரிலீஃப் என்ற குழுவில் வாசித்தார். நீரிழிவின் சிக்கல்களால் 1995இல், 35 வயதில் காலமானார். பார்பரோசா பிறகு ரிபப்ளிகா குழுவில் வாசித்தார். 2006இல் சோஃபியா கொப்போலா தன் 'மேரி ஆன்டனெட்' படத்தில், அரசி காலணிகளும் கேக்குகளும் சூழ இருக்கும் காட்சிக்கு 'ஐ வான்ட் கேண்டி'யைப் பயன்படுத்தியபோது, புதிய தலைமுறை அவர்களைக் கண்டுபிடித்தது.

தொடங்குவதற்கு எல்லோரும் 'கேண்டி'யைச் சொல்வார்கள். நான் 'யுவர் கேசட் பெட்' தொகுப்பைச் சொல்கிறேன். காசு செலவழித்து மெருகேற்றுவதற்கு முன், நான்கு பேரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு வாசிப்பது அதில்தான் கேட்கும். நல்ல ஹெட்போன் கிடைத்தால் பாடகியின் குரலை முதல் தடவை விட்டுவிட்டு, பேஸும் டாமும் மோதும் இடங்களை மட்டும் பின்தொடருங்கள். குரலுக்கு இரண்டாம் தடவை வரலாம். மிருதங்க நண்பர் அந்தப் பதினாறு அட்சரத்தை வாசித்துப் பார்த்தால், கை எங்கே தடுமாறியது என்று எழுதுங்கள்.