58 பல் செயின் வீல் நமக்கு எதற்கு?

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தனி ஆளாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் டிரையல் பந்தயங்களில் கலந்துகொள்கிறேன். 20 கிலோமீட்டரை 36 நிமிடத்தில் முடிக்கிறேன். என்னுடையது சாதாரண ரோடு பைக்; முன்னால் 50, 34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை. உலக வீரர்கள் 58, 60 பல் கொண்ட ஒற்றைச் செயின் வீல் (பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்சக்கரம்) போடுகிறார்கள். அதை வாங்கி மாட்டினால் வேகம் கூடுமா? அப்பா 25,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பதில்: வேண்டாம், தம்பி. அப்பாவின் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள்.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். 20 கிலோமீட்டர், 36 நிமிடம் என்றால் மணிக்கு 33 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 90 முறை பெடல் சுற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறக்குறைய 6.2 மீட்டர் நகர வேண்டும். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். முன்னால் 50, பின்னால் 17 பல்லில் செயின் ஓடினால் சரியாக அந்த 6.2 மீட்டர் வந்துவிடுகிறது. அதாவது உங்கள் வேகத்துக்குத் தேவையான கியர் இப்போதே கேசட்டின் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின்) நடுவில், செயின் நேராக ஓடும் இடத்தில் இருக்கிறது. இதைவிட நல்ல இடம் கிடையாது. 50க்கு 11 என்ற உங்கள் கடைசிக் கியரை அதே 90 சுற்றில் மிதித்தால் வேகம் 51 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தக் கியரே இன்னும் உங்களுக்கு மிச்சம் இருக்கும்போது அதைவிடப் பெரியதற்கு ஏன் செலவு?

58 பல் மாட்டினால் அதே வேகத்துக்குப் பின்னால் 20 பல் வேண்டும். பல கேசட்டுகளில் 19க்கு அடுத்து 21தான். ஒன்றில் கால் கனக்கும், மற்றதில் சுழலும். ஒற்றைச் செயின் வீல் என்பதால் 34 பல்லும் போய்விடும். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது 58க்கு 28தான் கடைசிப் புகலிடம். மணிக்கு 18 கிலோமீட்டரில் ஏறினால் நிமிடத்துக்கு 70 சுற்றுகூட வராது. முழங்கால் சிப்பிக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் வலி தொடங்குவது இப்படித்தான். போதாக்குறைக்கு, சாதாரண ரோடு பிரேமில் அவ்வளவு பெரிய செயின் வீல் பின்பக்கக் குழாயில் இடிக்கவும் வாய்ப்புண்டு.

உலக வீரர்கள் மட்டும் ஏன் போடுகிறார்கள்? அவர்களுடைய வேகம் மணிக்கு 50, 55 கிலோமீட்டர். 50 பல்லோடு அந்த வேகத்தில் போனால் செயின் எப்போதும் 11 பல்லிலேயே கிடக்கும். சிறிய பல்சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் கூர்மையாக மடங்குகிறது, உராய்வு கூடுகிறது, செயினும் ஓரமாகச் சாய்ந்து ஓடுகிறது. 58 போட்டால் அதே வேகத்துக்கு 13 பல் போதும். மடங்கல் குறையும், செயின் நேராகும், சில வாட் சக்தி மிச்சமாகும். நொடிக்கணக்கில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் இடத்தில் அந்தச் சில வாட்டுக்கு மதிப்பு உண்டு. இத்தாலியின் பிலிப்போ கன்னா 2022 அக்டோபர் 8 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்சன் உள்ளரங்கில் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டியபோது முன்னால் 65, பின்னால் 14 பல். காற்று வீசாத அரங்கம், வழவழப்பான மரத்தளம். ஆடி மாதத்தில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி நோக்கி மேற்கே மிதித்துப் பாருங்கள். எதிர்காற்று ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று பல் பின்வாங்க வைத்துவிடும். (தைப்பூசக் காலத்தில் அந்தச் சாலையில் பயிற்சி வேண்டாம். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.)

உங்கள் எதிரி காற்று. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டுமென்றால் அதற்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு வேண்டும். அந்தக் காற்றில் பெரும்பகுதி மோதுவது உங்கள் உடம்பின் மீது. சைக்கிள் மீது அல்ல. ஆகவே முதல் செலவு, ஹேண்டில்பாரில் மாட்டும் ஏரோ பார். முழங்கைகளை மெத்தையில் ஊன்றி, கைகளை முன்னால் நீட்டிப் படுத்து ஓட்ட உதவும் அந்தக் கம்பிதான் பல நாள் பந்தயமான டூர் டி பிரான்சின் 1989ஆம் ஆண்டுக் கடைசி நாளில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டுக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானது. வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர். 50 வினாடி பின்தங்கிப் புறப்பட்டவர், ஏரோ பார் இல்லாமல் ஓட்டிய லோரான் ஃபின்யோனை மொத்தத்தில் 8 வினாடியில் வென்றார். வாங்குவதற்கு முன் உங்கள் பந்தய விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டமாக ஓட்டும்போது அதில் படுக்கவே கூடாது. பிரேக் கைக்கு எட்டாது.

அடுத்தது டயர். பிரேமில் இடமிருந்தால் 28 மில்லிமீட்டர் அகலத்தில், நன்றாக உருளும் ஒரு ஜோடி. நம் ஊர்ச் சாலைகளில் கல்போலக் காற்றடித்து ஓட்டுவது தவறு. சக்கரம் துள்ளும் ஒவ்வொரு முறையும் உழைப்பு வீண். மூன்றாவது, உடம்போடு ஒட்டிய சட்டை. இவ்வளவுக்கும் 25,000 முழுதும் ஆகாது. மீதியை அப்பாவிடமே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: தேவகோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மகளுக்காகச் சென்னையில் ஒருவரிடம் பழைய கார்பன் டைம் டிரையல் சைக்கிள் பேசியிருக்கிறோம். சுமார் பத்து ஆண்டு ஓடியது. நேரில் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

பதில்: அம்மா, முதலில் சக்கரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து டைம் டிரையல் சக்கரங்களில் பல ஒட்டு டயர் வகை. டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயரைப் பசை போட்டு ரிம்மில் ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் தெருமுனைக் கடையில் ஒட்ட முடியாது. மாற்று டயரும் இங்கே சுலபமாகக் கிடைக்காது. அப்படியென்றால் வேறு ஜோடிச் சக்கரத்தின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

பிறகு செயின். இரும்பு அளவுகோலை ஒரு ஆணியின் நடுவில் வையுங்கள். அதிலிருந்து 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் செயின் தேய்ந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் என்றால் கேசட்டும் போயிருக்கும். செயின் வீலின் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து சுறாத் துடுப்புபோல் கூராகியிருந்தால் அதற்கும் காசு ஒதுக்க வேண்டும்.

கார்பனைக் காசால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே பெயின்ட்டை உற்றுப் பாருங்கள். சீட்டுக் குழாயைப் பிடிக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பின் பிரேக் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பெடலுக்குக் கீழே ஒளித்து வைத்த மாடல்கள் உண்டு. ஒரு மழை பெய்து செம்மண் சாலையில் ஓட்டினால் சேறு முழுதும் அங்கேதான் போய் அடைந்து இறுகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மகளை ஏற்றி உட்கார வையுங்கள். முழங்கை மெத்தையில் பத்து நிமிடம் கழுத்து வலிக்காமல் அவளால் படுத்திருக்க முடியாவிட்டால் அது அவளுடைய அளவு அல்ல. இந்த வகைச் சைக்கிள்களில் பலவற்றுக்கு ஹேண்டில்பாரும் சீட்டுக் குழாயும் அந்த மாடலுக்கென்றே செய்தவை; பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வாங்க வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் 165 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) வாங்கினேன். வந்தது 172.5. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். – பள்ளத்தூர் வாசகர்

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. கிராங்கின் உட்பக்கம், பெடல் திருகும் துளைக்கு அருகில் நீளம் பொறித்திருக்கும். அதையும் பில்லையும் விற்பனைப் பக்கத்தையும் படமெடுத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதற்கும் அசையாவிட்டால் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அதுவரை அந்தக் கிராங்கைச் சைக்கிளில் மாட்டாதீர்கள்.