குண்டத்துக்கு விலைப்பட்டியல்

வணக்கம் ஐயா,
மாங்குளத்துக்குக் கிட்டவுள்ள எங்கள் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. யாகசாலையில் 33 குண்டம் (ஓமம் வளர்க்கும் தீக்குழி) என்று தீர்மானித்து, குண்டமொன்றுக்கு இவ்வளவு என்று கனடா, சுவிஸ் உறவுகளுக்குப் பட்டியல் போயிருக்கிறது. மூர்த்திக்கு எண்ணெய் சாத்தும் எண்ணெய்க்காப்புக்கும் காசு கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்க வேண்டுமாம். குண்டம் கூடினால் பலன் கூடுமா?
வாசகர் ஒருவர்

அன்பின் நண்பருக்கு,

பலன் கூடாது. 1, 5, 9, 33 என்ற வகுப்பெல்லாம் செய்கிறவரின் சக்திக்கேற்ப ஆகமம் விட்ட வழி. ஒரே குண்டத்தில் செய்தாலும் அது முழுக் கும்பாபிஷேகந்தான். 33 என்றால் குருமார், நெய், சமித்து, பந்தல் எல்லாம் பெருகும். காசு நாலைந்து நாளில் புகையாய்ப் போய்விடும்.

அப்போது கை சுருங்குவது அட்டபந்தன மருந்தில். மூர்த்தியைப் பீடத்தோடு பிணைப்பது அதுதான். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கு. இடித்து, அரித்து, மெழுகும் வெண்ணெயும் சேர்த்து, கையில் திரித்தால் வெடிக்காமல் கயிறாக வரும்வரை திரும்பத் திரும்ப இடிக்க வேண்டும். இதற்கு ஆளும் நேரமும் வேண்டும், ஆனால் நோட்டீசில் படம் போட இதில் ஒன்றுமில்லை. அதனால்தான் தேன்மெழுகுக்குப் பதில் மெழுகுதிரி மெழுகு வருகிறது, இடிக்கிற வேலை அரைகுறையாய் நிற்கிறது. வெண்ணெய் குறைந்தால் மருந்து வெடிக்கும். மெழுகு கூடினால் வன்னி வெயிலுக்கு இளகும். பீடத்து இடுக்கில் ஈரமிருந்தால் ஒட்டவே ஒட்டாது. பிறகு அபிஷேகப் பாலும் எண்ணெயும் கீழிறங்கி நாறும், எறும்பு பிடிக்கும், மூர்த்தி ஆடத் தொடங்கும். 12 வருடம் தாங்க வேண்டியது இடையிலேயே விட்டுப்போகும்.

இன்னொன்று: சாதிலிங்கத்தில் பாதரசம் இருக்கிறது. இளகட்டும் என்று அடுப்பில் வைக்க விடாதீர்கள், ஆவி நஞ்சு. இடிக்கும்போது மூக்கைக் கட்டுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்.

எண்ணெய்க்காப்புக்குப் பற்றுச்சீட்டு என்பதைத்தான் என் மனம் ஏற்கவில்லை. குருக்கள் மட்டுமே தொடும் மூர்த்தியை ஊர்ச்சனம் தன் கையால் தொடுகிற நாள் அது. கூலிவேலைக்குப் போகிற தாயும் வரிசையில் நிற்க வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு விளக்கெரிப்பது முல்லைத்தீவுக் கடலில் மொண்ட உப்புத் தண்ணீரில்; வன்னியின் பெரிய வழிபாடொன்றுக்கு அது போதுமாயிருக்கிறது.

அடுத்த சபைக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: மருந்து இடிப்பது யார், எத்தனை நாள் இடிப்பார்கள், மெழுகு எங்கே வாங்கியது? பதிலைக் கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள். அதே கேள்விகளைக் கனடா உறவுகளையும் காசு அனுப்ப முன்னம் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் கெதியாய்ப் பதில் வரும்.