கடலோரக் காட்டு மரங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஆரோவில் தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்ட கேள்விகள் குவிந்துவிட்டன. விதை பொறுக்கி நாற்று வளர்ப்பது என் வேலை. பூச்சிமருந்துக் கேள்விகளை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

கேள்வி: எல்லாம் குட்டை மரமாக, கரும்பச்சையாக நிற்கிறது. இதையா காடு என்கிறீர்கள்?

பதில்: இதுதான் இந்தக் கரையின் காடு. உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வறட்சிதான். அதைத் தாங்கத்தான் வீரை, காயா மரங்களுக்குத் தோல்போலத் தடித்த இலை. மிஞ்சியது பெரும்பாலும் அய்யனார் கோயில் காடுகளில். புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் அரை மணி நின்று பாருங்கள். அந்த மரங்களைக் காப்பாற்றி வைக்கத்தான் 2000இல் 50 ஏக்கரில் இந்தப் பூங்கா வந்தது. கோயில் காட்டில் கன்று பிடுங்காதீர்கள்.

கேள்வி: ஒட்டுச் சப்போட்டா வாங்கி வைத்துப் பன்னிரண்டு வருஷம். வேப்பம்பழம் அளவுக்கு மஞ்சள் பழம்தான் வருகிறது. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. சப்போட்டாவைப் பாலை மரத்தின் மேல்தான் ஒட்டுக்கட்டுவார்கள். மேலே கட்டியது பட்டுப்போயிருக்கும். கீழே துளிர்த்த பாலைக்கு இத்தனை நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். அடிமரத்தைத் தடவிப் பாருங்கள், ஒட்டுக்கட்டிய இடம் முடிச்சாகத் தட்டுப்படும். கிளை அதற்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால் பாலையேதான். வெட்டிவிடாதீர்கள், சாமி! நாற்றங்காலில் அது முழங்கால் உயரம் வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். பழத்தைத் தின்று பாருங்கள். பால் உதட்டில் ஒட்டும், ஆனால் நல்ல இனிப்பு. விதையை எனக்குக் கொடுங்கள்.

கேள்வி: சீக்கிரம் வளரும் நாட்டு மரம்?

பதில்: பூவரசு. கம்பை ஊன்றினாலே வரும்.

கேள்வி: சிவன் கோயிலுக்கு நாட்டு மரமாக நாகலிங்கம் வைக்கலாமா?

பதில்: அது தென்னமெரிக்க மரம். மகிழம் வையுங்கள்.

கேள்வி: நாவல் விதையை நன்றாகக் காயவைத்து டப்பாவில் வைத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

பதில்: இதையே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நெல்லா அது, காயவைக்க? காய்ந்தால் செத்துவிடும். தின்ற கையோடு கழுவி மண்ணில் போடுங்கள்.

கேள்வி: ஆஸ்திரேலிய வேலமரத்தை வைத்துத்தானே ஆரோவில் பச்சையானது? இப்போது நாட்டு மரம் என்று பேசுவது நியாயமா?

பதில்: நியாயமான குத்துதான். 1968இல் அது செம்மண் பொட்டல். மழைக்கு மழை மண் அரித்துக் கடலுக்குப் போகும். அந்த வெயிலில் வீரைக் கன்றை நட்டால் கருகிவிடும். வேலமரம் நிழலும் சருகும் கொடுத்தது, அதனடியில் நாட்டுக் கன்றுகள் தேறின. மறுக்கவில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30, தானே புயல். வேலமரங்கள் ஏராளமாக முறிந்தும் வேரோடும் சாய்ந்தன. வீரையும் பாலையும் அவ்வளவு அடிபடவில்லை.

அவரே மறுபடியும்: அப்போது நானும் முதலில் வேலமரம் வைக்கிறேனே?

பதில்: மரக்காணம் பக்கம் கால் ஏக்கர், வரப்பில் ஏற்கெனவே வேம்பும் நொச்சியும் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிழல் இருக்கிற இடத்தில் நிழலுக்கு ஒரு மரமா? அதன் விதையைப் பறவைகள் கொண்டுபோய்ப் பக்கத்துக் காட்டிலும் போடும். பிடுங்க நீங்கள் வருவீர்களா?

இடையில் இன்னொருவர்: எதுவானாலும் மரம் மரம்தானே, ஐயா. ஏன் இவ்வளவு கோபம்?

பதில்: சீமைக் கருவேலமும் மரம்தான். ஏரிக்குள் போய்ப் பாருங்கள்.

கேள்வி: வேகமாக வளரும் நாட்டு மரம் ஏதாவது?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: கோயில் காட்டில் ஒரே ஒரு கன்று மட்டும்...

பதில்: கூடாது.

கேள்வி: காயாம்பூ, காயாம்பூ என்கிறார்கள். இரண்டு முறை வந்தும் கண்ணில் படவில்லை.

பதில்: நுனிக்கிளையில் தேடியிருப்பீர்கள். குனிந்து இலையில்லாத பழங்கொம்பைப் பாருங்கள். கணுவுக்குக் கணு குண்டூசித் தலை அளவு மொட்டுகள் அப்பியிருக்கும். விரிந்தால் கொம்பே நீலமாகிவிடும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்பது அந்த நீலத்துக்காகத்தான். நல்ல மழை விழுந்து சில நாள் கழித்து, காலையில் வாருங்கள். வெயில் ஏறினால் நிறம் வெளுத்துத் தெரியும்.